ஒரே மாதிரி நூறு தோட்டா

துப்பாக்கிக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம், எங்கள் கிளை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் கார்டுதான். அவர் மடியில் இருக்கும் இரட்டைக்குழல் வெடித்து நான் பார்த்ததில்லை. பார்க்காமலேயே ரிட்டயர் ஆக வேண்டும் என்பது என் பிரார்த்தனை. அப்படிப்பட்ட ஆள் தோட்டாவின் சரித்திரம் எழுத உட்காருவது கொஞ்சம் ஓவர்தான். ஆனாலும் மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள் :-)

என்னை உட்கார வைத்தது இரண்டு விஷயம். இந்தத் துறையைத் தொடங்கி வைத்த மனிதர் தன் கடைசி நாட்களைக் கழித்தது எங்கள் கடலூரில். (எனக்கு விருத்தாசலம். மாவட்டத்துக்காரன் என்ற உரிமையில் 'எங்கள்' போட்டுக்கொள்கிறேன்.) அவருக்கு அடுத்த அத்தியாயமோ, நான் இப்போது குடியிருக்கும் கிடர்பூருக்கு வடக்கே, இதே ஹூக்ளி ஆற்றங்கரையில் நடக்கிறது.

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். குறி தவறாமல் சுடுவது என்றால் நமக்கு சினிமாதான் ஞாபகம் வரும். ஹீரோ ஒரு கண்ணை மூடுவார், மூச்சைப் பிடிப்பார், தூரத்தில் வில்லன் விழுவான். கண், கை, மூச்சு எல்லாம் வேண்டியதுதான். ஆனால் தூரம் கூடக் கூட இன்னொரு சமாச்சாரம் உள்ளே நுழைகிறது: இப்போது சுட்ட தோட்டா, போன முறை சுட்ட தோட்டா மாதிரியே இருந்ததா?

ஆயிரம் கஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்கில் நாலரை பர்லாங்குக்குக் கொஞ்சம் மேல். போட்டித் துப்பாக்கியின் குண்டு அங்கே போய்ச் சேர ஒன்றரை வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் பூமி அதை முப்பது அடி அளவுக்குக் கீழே இழுத்துவிடும். அதைப் பற்றிக் கவலையில்லை, அந்த அளவுக்கு மேலே குறி வைத்துக்கொள்ளலாம். கவலை வேறு. அடுத்த தோட்டாவில் மருந்து ஒரு துளி குறைந்து, குண்டு நூற்றுக்கு ஒரு பங்கு மெதுவாகப் போனால்? அது போய்ச் சேரக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், கொஞ்சம் கூடுதலாக விழும். இலக்கில் அந்தக் 'கொஞ்சம்' ஏறக்குறைய ஒரு சாண். சுட்டவர் ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனாலும் ஒரு சாண் கீழே.

பி.காம் இரண்டாம் ஆண்டில் நமக்கெல்லாம் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் சொல்லிக் கொடுத்தார்களே, திட்டவிலக்கம், அது இதேதான். மூன்று பேர் சம்பளம் நூறு, நூறு, நூறு. இன்னும் மூன்று பேர் சம்பளம் ஐம்பது, நூறு, நூற்றைம்பது. சராசரி ஒன்றேதான், வீட்டு நிலவரம் ஒன்றா? பரீட்சைக்காக உருப்போட்ட அந்தச் சூத்திரத்துக்கு உயிர் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது நாற்பது வயதுக்கு மேல், தோட்டாவைப் பற்றிப் படிக்கும்போது. பலமான மருந்து வேண்டும் என்பது எல்லாருக்கும் தோன்றும். ஒரே மாதிரியான மருந்து வேண்டும் என்று தோன்றுவதற்குத்தான் மனிதர்களுக்கு நானூறு வருஷம் ஆகியிருக்கிறது.

ஒரே மாதிரி இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் முதலில் அளக்க வேண்டும். ஒரு குண்டின் வேகத்தை எப்படி அளப்பது? இன்று இரண்டு சென்சாரும் ஒரு சின்ன டப்பாவும் போதும். 1740-களில் வினாடியைச் சரியாகக் காட்டும் கடிகாரமே அபூர்வம்.

இங்கேதான் பெஞ்சமின் ராபின்ஸ் வருகிறார். 1707-ல் இங்கிலாந்தில் பாத் நகரத்தில், போரையே ஏற்காத க்வேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். கணக்கில் புலி. 1742-ல் பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் அவர் விவரிக்கும் கருவி ஒரு ஊஞ்சல், அவ்வளவுதான். கனமான மரக்கட்டையைத் தொங்கவிட்டு அதில் சுடுவது. குண்டு கட்டையில் புதையும், கட்டை பின்னால் ஆடும். கட்டையின் அடியில் கட்டிய ரிப்பன் எவ்வளவு நீளம் இழுபட்டது என்று அளந்தால் ஆட்டத்தின் அளவு தெரியும். குண்டின் எடை தெரியும், கட்டையின் எடை தெரியும், மிச்சம் கணக்கு. குண்டு வினாடிக்கு ஆயிரத்து அறுநூறு அடிக்கு மேல் போகிறது என்று கண்டார்.

அடுத்துப் பெரிய கல்லைப் போட்டார். குண்டு போகும் பாதை அழகான பரவளையம் என்று கலிலியோ காலத்திலிருந்து பீரங்கிக்காரர்கள் நம்பி வந்தார்கள். ராபின்ஸ் கணக்குப் போட்டார்: இந்த வேகத்தில் புறப்படும் 24 பவுண்டு பீரங்கிக் குண்டு, காற்றே இல்லாவிட்டால், பதினாறு மைல் போக வேண்டும். நிஜத்தில் மூன்று மைல் தாண்டுவதில்லை. மீதியைத் தின்றது காற்று. காற்றைக் கணக்கில் எடுக்காத பீரங்கி அட்டவணைகள் எல்லாம் வெறும் காகிதம் என்று ஆகிவிட்டது. 1745-ல் இந்தப் புத்தகத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கவுரை எழுதியவர் யார் தெரியுமா? லியோனார்ட் ஆய்லர். கணித மேதை உரையெழுதும் அளவுக்கு அந்த ஊஞ்சல் முக்கியமாகப் போனது.

நம் கதைக்கு வேண்டிய ஒரு குறிப்பும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி மாறுவதால் மருந்தின் வேகம் மாறுவதில்லை, ஆனால் மருந்து ஈரம் உறிஞ்சினால் பலம் குறைகிறது என்று அவர் சோதித்து எழுதினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வங்காளத்துக்கு வரும்போது தேவைப்படும்.

1749-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது. 1746-ல் சென்னைக் கோட்டையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததிலிருந்து, சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் கடலூர் பக்கத்தில், தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைதான். 1750 ஜூலையில் ராபின்ஸ் அங்கே வந்து இறங்கினார். சென்னைக்கும் கடலூருக்கும் புதிய அரண்கள் திட்டமிடுவது அவர் வேலை. இரண்டு மாதத்தில் காய்ச்சல் கண்டது, தேறினார், மறுபடி வேலையில் இறங்கினார். 1751 ஜூலை 29-ல் கோட்டையிலேயே காலமானார். வயது 44. ஏழே வருஷத்தில், 1758-ல், லாலியின் பிரெஞ்சுப் படை அந்தக் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தது. சின்ன வயதில் சில்வர் பீச்சுக்கு எத்தனை தடவை போயிருப்போம்! சுண்டல் வாங்கிக் கொடுத்தவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை.

*

இப்போது வங்காளத்துக்கு வருவோம்.

கிடர்பூர் என்றால் இங்கே எல்லாருக்கும் டாக், லாரி, துறைமுகம். இப்போதுள்ள டாக் 1892-ல் திறந்தது. அதற்கும் முன்னால் இங்கே கிட் குடும்பத்தாரின் கப்பல் கட்டும் தளம் இருந்தது. 74 பீரங்கி தாங்கும் ஹேஸ்டிங்ஸ் என்ற போர்க்கப்பல் அங்கே கட்டப்பட்டு, 1819-ல் பிரிட்டிஷ் கடற்படை வாங்கிக்கொண்டது. 74 பீரங்கிக்கு எத்தனை பீப்பாய் மருந்து வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பீப்பாய்களைப் பற்றித்தான் இனி பேச்சு.

பழைய கறுப்பு மருந்துக்கு வேண்டியது வெடியுப்பு, கந்தகம், கரி. மூன்றில் அதிகமாக வேண்டியது வெடியுப்பு. உலகத்திலேயே பெரிய வெடியுப்புச் சுரங்கம் என்று சொல்லலாம், அது பீகார் மண். பாட்னாவைச் சுற்றிய கிராமங்களில் நுனியா சமூகத்தார் மண்ணைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி எடுப்பார்கள். அது கங்கை வழியாகக் கல்கத்தாவுக்கு வந்து, கப்பலின் அடித்தட்டில் பாரமாக ஐரோப்பாவுக்குப் போகும். பிளாசி முடிந்த மறு வருஷம், 1758-ல், கிளைவ் கம்பெனிக்கு வாங்கிக்கொண்ட ஏகபோகங்களில் இதுவும் ஒன்று. பட்டும் மஸ்லினும் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்தோம். இந்த அழுக்கு உப்பைப் பற்றி ஒரு வரி இருந்ததாக ஞாபகம் இல்லை.

வங்காளத்தில் மருந்து செய்வதில் ஒரு சிக்கல். காய்ச்சி எடுத்த வெடியுப்பில் சாதாரண உப்பும் வேறு உப்புகளும் கலந்திருக்கும். அவை ஈரத்தை இழுக்கும். கல்கத்தாவில் ஜூலை மாதம் குடித்தனம் செய்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உப்பு ஜாடிக்குள் அரிசி போட்டு வைத்தாலும் மூன்றாம் நாள் கட்டிதான். அப்பளம் முறுகாது, தீப்பெட்டி உரசாது. அந்த ஈரத்தில் பீப்பாய் மருந்து என்ன பாடுபடும்? மார்ச்சில் அரைத்த பீப்பாய் ஒரு மாதிரி, ஆகஸ்டில் அரைத்தது வேறு மாதிரி. பீரங்கிக்காரர் அதே அளவு போடுவார், குண்டு முன்னால் விழும். ராபின்ஸ் கட்டையை ஆட்டிப் பார்த்துச் சொன்னது இங்கே கண்ணெதிரே நடந்தது.

கார்ன்வாலிஸ் கவர்னர் ஜெனரலாக இருந்த காலத்தில், பால்தாவில் செய்யும் மருந்து சரியில்லை என்று ஜான் ஃபார்குவார் என்ற ஸ்காட்லாந்துக்காரரை அனுப்பினார்கள். பம்பாயில் சிப்பாய்ப் பயிற்சிக்கு வந்து, இடுப்பில் காயம்பட்டு, வங்காளத்துக்கு வந்து, வேதியியலில் மூழ்கிக் கிடந்த ஆசாமி. குறை என்ன என்று பார்க்கப் போனவர் மேற்பார்வையாளர் ஆனார், பிறகு அரசாங்கத்துக்கு மருந்து கொடுக்கும் ஒரே கான்டிராக்டரும் ஆனார். அரசு ஆவணங்கள் இச்சாபூர் வெடிமருந்துத் தொழிற்சாலை 1787-ல் நிறுவப்பட்டு 1791-ல் உற்பத்தி தொடங்கியதாகச் சொல்கின்றன. இன்றும் சியால்தாவில் லோக்கல் பிடித்தால் பாரக்பூர், பால்தா, இச்சாபூர் என்று வரிசையாக வரும்.

ஃபார்குவார் சம்பாதித்தது கொஞ்சநஞ்சம் இல்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு 1822-ல் இங்கிலாந்தின் மிகப் பிரபலமான மாளிகைகளில் ஒன்றான ஃபான்ட்ஹில் அபேயை 3,30,000 பவுண்டுக்கு வாங்கினார். மூன்றே வருஷத்தில், 1825 டிசம்பரில், அந்த மாளிகையின் பிரம்மாண்ட கோபுரம் தானாகவே சரிந்து விழுந்தது. அடித்தளம் சரியில்லையாம்! லோன் கொடுக்கும்போது கட்டடத்துக்கு இஞ்சினியர் சர்ட்டிஃபிகேட் கேட்டால் முறைக்கிறார்களே, அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

சரி, மருந்தை எப்படி ஒரே மாதிரி ஆக்கினார்கள்? உப்பைத் திரும்பத் திரும்பக் கரைத்துச் சுத்தம் செய்வது ஒன்று. சோதனை இரண்டாவது: ஒரு குட்டி மோர்ட்டார் பீரங்கியில் அளந்த மருந்து, ஒரே எடையுள்ள குண்டு, எத்தனை தூரம் போய் விழுகிறது என்று பார்ப்பது. அந்தக் காலத்தில் எல்லா நாட்டிலும் இதுதான் பரீட்சை. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: கலப்பது. கொஞ்சம் பலமாக வந்த அரைப்பையும் கொஞ்சம் சோனியாக வந்த அரைப்பையும் சேர்த்துக் கலந்து நடுவில் கொண்டு வருவது. கும்பகோணத்துக் காப்பிப்பொடிக் கடைக்காரர் பீபெரியையும் பிளான்டேஷனையும் மாதாமாதம் கூட்டிக் குறைத்துக் கலந்து, நமக்கு வருஷம் பூரா ஒரே ருசியாகக் கொடுக்கிறாரே, அதே வித்தைதான். இன்றைய தொழிற்சாலைகளிலும் மருந்தை லாட் லாட்டாகக் கலந்துதான் வெளியே அனுப்புகிறார்கள்.

*

மருந்து ஒரே மாதிரி ஆனாலும் அதைக் குழலுக்குள் போடுவது மனிதக் கை. அந்தக் காலத்தில் சிப்பாய் ஒவ்வொருவரும் ஒரு விதத்தில் கையால் தோட்டா நிரப்புபவர்தான். காகிதப் பொட்டலத்தில் அளந்த மருந்தும் ஒரு குண்டும் இருக்கும். பல்லால் கிழித்து, துளி மருந்தைப் பற்றவைக்கும் கிண்ணியில் போட்டு, மீதியைக் குழலில் கொட்டி, குண்டைக் குச்சியால் இடித்து இறக்க வேண்டும். கிண்ணியில் போடும் 'துளி' அவரவர் கைவாகு. காற்றடித்தால் பறந்தது போக மிச்சம். பிறகு கேப் வைத்த துப்பாக்கி வந்ததும் கிண்ணி வேலை ஒழிந்தது, பொட்டலத்தில் உள்ள மருந்து முழுவதும் குழலுக்கே போனது.

அடுத்து வந்தது என்ஃபீல்ட் ரைஃபிள். குழலுக்குள் சுழல் பள்ளம் வெட்டியது. இதில்தான் 1857 சிக்கிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பசுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு என்று சொல்லிக் கொடுத்தார்கள். கொழுப்பு எதற்காகத் தேவைப்பட்டது என்று யாரும் சொல்லவில்லை. கறுப்பு மருந்து எரிந்தால் குழலில் கரி படியும். பத்துக் குண்டு சுட்டதும் பதினோராவது குண்டு உள்ளே இறங்காது. கொழுப்புத் தடவிய காகிதம் அந்தக் கரியை இளக வைக்கும். முதல் குண்டு இறங்கிய மாதிரியே பதினோராவதும் இறங்கும். ஒரே மாதிரி என்ற அதே தேடல்தான். யோசித்தவர்கள் குழலைப் பற்றி முழுக்க யோசித்தார்கள். அதைப் பல்லால் கடிக்கப் போகிறவன் யார் என்பதை யோசிக்கவில்லை.

1857 ஜனவரியில் டம்டமில்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. (ஆமாம், நாம் விமானத்தில் இறங்கும் அதே டம்டம்.) மார்ச் 29-ல் பாரக்பூரில் மங்கள் பாண்டே. இச்சாபூருக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால். கையால் கிழித்தால் போதும் என்று கம்பெனி பயிற்சியை மாற்றிப் பார்த்தது, அதற்குள் நம்பிக்கை போய்விட்டது. ஒரு பொருளின் தரத்தை உயர்த்தும்போது அதைக் கையாளப் போகிறவரைக் கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் பேங்கில் புது சாஃப்ட்வேர் வரும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வருகிறது.

போர்க்களத்தை விட்டு விளையாட்டுக்கு வந்தால், தொலைதூர இலக்குப் போட்டிகள் சூடுபிடித்தது இதற்குப் பிறகு. 1860-ல் விம்பிள்டனில் விக்டோரியா மகாராணி முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கி வைத்தார். 1874 செப்டம்பரில் நியூயார்க் அருகே கிரீட்மோர் மைதானத்தில் அயர்லாந்தும் அமெரிக்காவும் மோதின. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கஜம். அயர்லாந்துக்காரர்கள் வாய்வழி மருந்து இடிக்கும் ரைஃபிள், அமெரிக்கர்கள் பின்பக்கம் தோட்டா செருகும் ரைஃபிள். அயர்லாந்து வீரர் ஒருவர் கச்சிதமாக நடு வட்டத்தில் சுட்டார், ஆனால் பக்கத்து இலக்கில்! நாலு பாயின்ட் போச்சு. கடைசியில் 931-க்கு 930 என்று அமெரிக்கா ஒரு பாயின்ட் பின்னால். மிச்சம் ஒரே ஒரு குண்டு. சுட வேண்டியவர் ஜான் போடைன். சற்று முன் ஜிஞ்சர் பியர் பாட்டில் உடைந்து கையைக் கிழித்துவிட்டது. கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தார், சுட்டார், நடு வட்டம். 934-க்கு 931.

இந்தப் போட்டிகள்தான் கையால் தோட்டா நிரப்பும் பித்தை வளர்த்தன. கடைத் தோட்டா அவர்களுக்குப் போதவில்லை. மருந்தைத் தாங்களே எடைபோட்டார்கள், குண்டைத் தாங்களே வார்த்தார்கள், எடை மாறிய குண்டைத் திரும்ப உருக்கினார்கள். மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஃப்ராங்க்ளின் மான் என்ற டாக்டர், ஒரே குழலிலிருந்து புறப்படும் இரண்டு குண்டு ஏன் ஒரே ஓட்டையில் போவதில்லை என்ற ஒரே கேள்விக்காகப் பல வருஷம் சுட்டுச் சுட்டுப் பார்த்து 1909-ல் புத்தகமே போட்டார். இன்று இதைச் செய்பவர்கள் மருந்தைப் பத்தில் ஒரு கிரெயின் சுத்தமாக நிறுக்கிறார்கள். நம் பத்தர் கணக்கில் ஒரு குன்றிமணியில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. எங்கள் கிளையில் நகை மதிப்பிட வரும் பத்தரிடம் சொன்னேன். "அவ்வளவு சுத்தமா நிறுத்தா ஃபேனையே போட முடியாதே சார்" என்றார். உண்மையிலேயே ஃபேன் போடமாட்டார்களாம்.

நம் பக்கம் இந்தக் கதை நீலகிரிக்குப் போனது. புகையில்லா மருந்து கார்டைட் 1889-ல் வந்தது. கயிறு மாதிரி இழையாக இருப்பதால் அந்தப் பெயர். அதைச் செய்ய 1903 வாக்கில் அருவங்காட்டில் தொழிற்சாலை எழுந்தது, மின்சாரத்துக்குப் பக்கத்திலேயே காட்டேரி அருவி. ஊட்டி பொம்மை ரயிலில் வெலிங்டன் தாண்டியதும் வரும் ஊர்தான். .303 தோட்டாவில் அறுபது இழையைக் கட்டாக வைத்த பிறகுதான் பித்தளைக் கூட்டின் கழுத்தையே குறுக்குவார்கள். எனவே இதை வீட்டில் நிரப்பும் பேச்சே இல்லை. கார்டைட்டுக்கு ஒரு குணம்: வெயிலில் சூடேறினால் அழுத்தமும் வேகமும் கூடிவிடும். குளிர்காலத்தில் சரியாக இருந்த குறி மே மாதம் மேலே போகும். இங்கிலாந்தில் யாருக்கும் இது பெரிய தலைவலி இல்லை, இந்தியாவில் இருந்தவர்களுக்கு இருந்தது. இச்சாபூரில் மருந்து ஆலை இருந்த இடத்தில் 1904-ல் ரைஃபிள் தொழிற்சாலை வந்தது. 2021 அக்டோபரில் அரசு படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனியாகப் பிரித்தபோது இரண்டும் வேறு வேறு கம்பெனிக்குப் போய்விட்டன.

*

இவ்வளவையும் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் ஒரு நண்பர். தஞ்சாவூர்க்காரர், பெண் ப்ளஸ் டூ படிக்கிறாள், ரைஃபிள் கிளப்பில் 50 மீட்டர் சுடுகிறாள். பிராக்டீஸுக்கு ஆகும் தோட்டாச் செலவு அவர் சம்பளத்தில் ஒரு பெரிய பள்ளம். ஒருநாள் கேட்டார்: "சார், அமெரிக்காவிலே கார் ஷெட்டிலேயே தோட்டா நிரப்பறாங்க, வீடியோ பார்த்தேன். மிஷின் ஒண்ணு தருவிச்சா நாமளே நிரப்பிக்கலாமே? செலவும் கம்மி, ஒரே மாதிரியும் இருக்குமாம்."

முடியாது. இரண்டு காரணம். அவள் சுடுவது .22. அதில் பற்றவைக்கும் மருந்து தனி மூடியாக இல்லை, பித்தளைக் கூட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே பூசியிருக்கும். ஒரு தடவை ஊசி அடித்து நசுங்கினால் அந்தக் கூடு குப்பைக்குத்தான். வீடியோவில் வருவது நடுவில் மூடி வைத்த பெரிய தோட்டா, அது வேறு ஜாதி. இரண்டாவது, சட்டம். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே ஏழு வருஷம். இதை நான் அவரிடம் இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன், அவர் மனைவியிடமும் சொன்னேன்.

அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு வழி? ராபின்ஸும் இச்சாபூரும் காட்டிய அதே வழிதான்: அளந்து பார்த்து, பொறுக்கி எடுப்பது. பிர்மிங்ஹாமின் எலி, பின்லாந்தின் லாப்புவா மாதிரி கம்பெனிகள் ஒவ்வொரு லாட்டுக்கும் எண் போடுகின்றன. ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே விலை, ஆனால் லாட் மாறினால் நடத்தை மாறும். இந்த ரைஃபிளுக்குப் பிடித்த லாட் அந்த ரைஃபிளுக்குப் பிடிக்காது. அதனால் பெரிய வீரர்கள் தங்கள் ரைஃபிளோடு அந்தக் கம்பெனிகளின் சோதனைக் கூடத்துக்கே போய், துப்பாக்கியை இடுக்கியில் இறுக்கி, ஒவ்வொரு லாட்டாகச் சுட்டுப் பார்த்து, எது நெருக்கமாக விழுகிறதோ அதை மொத்தமாக வாங்கி வருகிறார்கள்.

அந்தப் பெண் ஒவ்வொரு நாள் சுட்டதையும் நோட்டில் எழுதி வைத்திருந்தாள், லாட் எண்ணோடு. (நாற்பது பேர் வேலை பார்க்கும் ஆபீஸில் அப்படி ரெஜிஸ்டர் எழுத ஆள் கிடைக்காது.) இருவரும் எக்செல்லில் ஏற்றினோம். இரண்டு லாட்டின் சராசரி ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் ஒன்றின் திட்டவிலக்கம் மற்றதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. "அங்கிள், அப்ப அந்த வாரம் பூரா நான் சரியா சுடலைன்னு அழுதேனே?" என்றாள். தோட்டாதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த வாரம் மாடல் எக்ஸாமும் இருந்தது. இடுக்கியில் வைத்துச் சுட்டுப் பார்த்தால்தான் கையையும் தோட்டாவையும் பிரிக்க முடியும். கிளப்பில் கேட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்பவர்களுக்கு: 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் பாயின்ட் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் படுத்துச் சுடும் 50 மீட்டர் போட்டியில் நம் கல்கத்தாக்காரர் ஜாய்தீப் கர்மாகர் எடுத்தது 699.1. வெண்கலம் வாங்கிய ஸ்லோவேனியாவின் ரைமண்ட் டெபெவெக் 701.0. நாலாவது இடம், 1.9 பாயின்ட்டில். அதே லண்டனில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் பிறந்தது சென்னையில். அவரை நாடே கொண்டாடியது. கர்மாகர் பெயர் கல்கத்தாவுக்கு வெளியே எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?

பிள்ளைகளை இந்த விளையாட்டில் சேர்த்திருக்கும் பெற்றோருக்கு: தோட்டா வாங்கும்போது பெட்டியின் ஓரத்தில் லாட் எண்ணைப் பாருங்கள். ஒரே பில்லில் ஐந்து பெட்டி கொடுத்தால் ஐந்தும் ஒரே லாட்டா என்று கேளுங்கள். முதலில் ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, பிடித்திருந்தால் மறுநாளே அதே லாட்டை மொத்தமாக எடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் போனால் அது இருக்காது. பெட்டியை ஈரம் படாமல், வெயில் படாமல் வையுங்கள், லைசென்ஸில் எழுதியிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். லாட் எண்ணை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரர் முணுமுணுப்பார், எழுதித் தருவார்.